அத்தை திருப்பி விட்டவை

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முப்பது வருஷமாக ஏரியில் கூண்டு போட்டு மீன் பிடிக்கிறாள். மீனிடம் கொஞ்சிப் பேசுவாள், மனிதர்களைத் திட்டுவாள். இரண்டுக்கும் ஒரே குரல்தான். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மாமா, "என்னையா கூப்பிட்ட, மீனையா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

எங்கள் ஏரியில் ஒரு பழக்கம் உண்டு. சினையோடு கிடைப்பது எதுவானாலும் தண்ணீருக்கே திரும்பப் போக வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம். அதற்குப் போலீஸ் அத்தைதான். ஒருமுறை, எங்கள் ஏரியிலேயே மீன் பிடிக்கும் மீசைக்காரர் இரண்டு சினைக் கெண்டைகளைக் கூடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு கரையேறினார். அத்தை படித்துறையிலேயே மறித்தாள்.

"வயித்துப் புள்ளக்காரிய வித்துத் திங்கிறியே, உனக்கு மீசை ஒரு கேடா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு சினை மீனைத் தொடவில்லை. மீசைக்காரரும் தொடவில்லை. ஆனால் மறக்கவுமில்லை.

பிறகு கொடுக்கன் வந்தான். அது நாங்கள் வைத்த பெயர். இறாலுக்கு நண்டின் கொடுக்கை ஒட்டவைத்தது போல, செக்கச்செவேலென்று இருப்பான். வேறு தேசத்துப் பிறவி. யாரோ கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்து, அலுத்துப்போய் ஏரியில் கொட்டிவிட்டார்கள் என்று பேச்சு. முதல் வருஷம் நாங்கள் அவனை வேடிக்கை பார்த்தோம். அடுத்த வருஷம் அவன் எங்களை வேடிக்கை பார்த்தான். வலையை அறுத்தான். நீர்ச்செடியை மேய்ந்து தீர்த்ததில் தண்ணீர் கலங்கி டீ நிறமாயிற்று. கரையெல்லாம் வளை தோண்டியதில் தண்ணீர் கசிந்து, கரையடி வீடுகளின் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறியது. அத்தையின் கூண்டில் பத்துக் கொடுக்கனுக்கு ஒரு மீன் கிடைத்தது. அந்த ஒன்றுக்கும் வால் பாதிதான் இருக்கும்.

மீனவர் சங்கம் கூடி முடிவெடுத்தது. கொடுக்கனை மட்டும், குட்டியோ சினையோ, ஒன்றைக்கூடத் தண்ணீரில் விடக் கூடாது. சங்கத்து ஐஸ் தொட்டியில் போட்டுக் கொன்றுவிட வேண்டும். மீறுபவர்களுக்கு ஏரியில் கூண்டு போட இடம் கிடையாது. அத்தையும் கை தூக்கினாள்.

இந்த இடத்தில் என் குறும்பு வருகிறது. ஒருநாள் அத்தை வாளியை வாசலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். உள்ளே பதினோரு கொடுக்கன்கள். நான் ஒவ்வொன்றையும் முதுகில் பிடித்துத் தூக்கி, கொடுக்கின் அடிப்பக்கத்தில் நீல நெயில் பாலிஷ் பூசிவிட்டேன். ஐஸ் தொட்டியருகே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் சங்கத் தலைவர் திடுக்கிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதைப் பார்க்க அத்தைக்கு முன்னாலேயே ஓடிப்போய் நின்றுகொண்டேன். திடுக்கிட்டார். "உங்க வீட்டுச் சரக்குக்கு மட்டும் தனி அலங்காரமா அக்கா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கணக்கில் நான் மட்டம்தான். இருந்தாலும் நான் பூசியது பதினொன்று, தொட்டிக்கு வந்தது ஏழு என்பது எனக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து, சங்கக் கட்டிடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது மீசைக்காரர் ஒரு கொடுக்கனைத் தூக்கிப் பிடித்தார். கொடுக்கில் நீலம். வாலுக்கு அடியில் கருத்த முட்டைகள், கொத்துக் கொத்தாக.

"அக்கா, உங்க வீட்டுப் பொண்ணு வழி தெரியாம என் கூண்டுக்கு வந்துடுச்சு. மாசமா வேற இருக்கு."

அத்தை எழுந்து நின்றாள். "நான்தான் விட்டேன். முட்டையோட இருந்துச்சு. கை வரல."

"ஊருக்கே சட்டம் சொன்னவங்க நீங்க" என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னொரு தடவ இப்படி நடந்தா உங்க படகக் கரையேத்திட வேண்டியதுதான். எனக்கும் வேற வழி இல்லக்கா."

படகு போனால் அத்தைக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் நான் உண்மையைச் சொன்னேன்.

"அத்தை, அந்த நெயில் பாலிஷ் நான்தான்…"

"தெரியும்டி. அந்தக் கண்றாவிக் கலர உன்னத் தவிர எவ காசு குடுத்து வாங்குவா?"

"கோவமா?"

"உன் மேல என்னடி கோவம்? நீ பூசுன, நான் விட்டேன். யாரு முட்டாளுன்னு நீயே சொல்லு."

அடுத்த நாள் காலை, "வா, வாயத் தொறக்காம வரணும்" என்று என்னையும் படகில் ஏற்றிக்கொண்டாள். நாணல் ஓரமாகப் போனோம். கெண்டைகள் முட்டையிடும் மாதம் அது. அங்கேதான் தாய் மீன்கள் வரும் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து ஒரு கொத்துப் பாசியை விலக்கினாள். கடுகு கடுகாக, பளபளவென்று முட்டைகள் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு கொடுக்கன் உட்கார்ந்திருந்தது. அவசரமே இல்லாமல், விருந்துக்கு வந்த சம்பந்தி போல, முன்கால்களால் முட்டைகளைப் பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொத்தைத் தூக்கினால் அங்கே வெறும் தண்டு. அதற்கடுத்ததும் அப்படியே.

அத்தை அதைப் பிடித்துப் புரட்டினாள். அதன் வயிற்றிலும் முட்டை.

வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அது கொடுக்கை விரித்து அவள் விரலைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க" என்றாள் கடைசியில். "இவ ஊரான் புள்ளையத் தின்னுல்ல தன் புள்ளைய வளக்குறா."

"அப்போ கெட்டவளா அத்தை?"

"கெட்டவளும் இல்ல ஒண்ணும் இல்ல. பசிக்கு எது கெடச்சுதோ அதத் திங்கிறா. இவளக் கொண்டாந்து இங்க கொட்டினான் பாரு, அவனச் சொல்லணும்." வெறும் தண்டைத் தண்ணீரில் நழுவவிட்டாள். "நானும்தான் கொட்டியிருக்கேன். அந்த நாலோட நிக்கல. அதுக்கு முன்னாடி எத்தனையோ."

அதை வாளியில் போட்டாள். கூண்டுகளைத் தூக்கியபோது சினையோடு இன்னும் நான்கு கிடைத்தன.

சங்கத்தில் ஐஸ் தொட்டி முன்னால் வரிசை நின்றது. தலைவர் வாளிக்குக் கை நீட்டினார்.

"நானே போடுறேன்."

வீசவில்லை. ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்தபடியே ஐஸுக்குள் இறக்கினாள். கையை வெளியே எடுக்கவில்லை. கொடுக்கு இரண்டு முறை அசைந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது.

"கைய எடுங்கக்கா, வெறச்சுடும்" என்றார் பின்னால் நின்ற மீசைக்காரர். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"வெறைக்கட்டும்."

அடுத்ததை எடுத்தாள். ஐந்துக்கும் அப்படியே செய்தாள். விரலெல்லாம் சிவந்து வீங்கிவிட்டது. வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. ஆனாலும் ஒருவர்கூட அவளை அவசரப்படுத்தவில்லை.