ஓட்டை இல்லாத வரைபடம்

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. வரைபடத்தில் தோக்கியோவைக் காட்டச் சொல்வாராம். தவறினால் ஆசிரியர் கன்னம் பழுத்துவிடும்.

எங்கள் வரைபடத்தில் தோக்கியோவுக்குக் கீழேயே கரையான் அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. "ஓட்டைக்கு மேல குச்சிய வைங்க, போதும்" என்று தினமும் பழக்கினேன். எல்லோரும் தேறிவிட்டார்கள்.

அதிகாரி வந்தார், புத்தம் புது வரைபடத்தோடு! அதை மாட்டிவிட்டு முன்பெஞ்சு மாரியை அழைத்தார். அவள் குச்சியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஓட்டையக் காணோமே!" என்று கத்தினாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"எங்க படத்துல ஓட்டை இருக்கு, துவான். இதுல இல்லையேன்னு ஆச்சரியப்படுறா" என்று நானும் மலாயிலேயே சொன்னேன். பொய்யில்லையே!

தன் படத்தை மெச்சுகிறாள் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. படத்தைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டுப் போனார். தோக்கியோவை மறந்தே போனார்.

சண்டை முடிந்தும் பரீட்சை ஓயவில்லை. ஆனால் இப்போது நான் எந்த ஊரைக் கேட்டாலும், பிள்ளைகள் மலாக்காவில் விரலை வைத்து, நிலமும் கடலும் கடந்துதான் அங்கே போகவேண்டும். பாடம் முடியவில்லை என்று தலைமையாசிரியர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். எந்த அதிகாரி எந்தப் படத்தோடு வந்தாலும் என் பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.