மாலதி கேட்ட இரண்டு நாள்

சனிக்கிழமை காலை ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது மாலதியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே." மூளையில் ரத்தம் கசிந்து நான்கு நாளாக மருத்துவமனையில் கிடந்த மாலதி எப்படியும் எழுந்து வந்துவிடுவார் என்றே நம்பியிருந்தேன். வந்த ஃபெர்ரியில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு நாம் செய்துகொடுத்த மென்பொருள் நினைவிருக்கும். எந்த நாள் வரவேண்டும் என்று நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும். பக்கத்தைத் திறந்தும் பார்த்துக்கொள்ளலாம். பழைய கைப்பேசிகளில் அந்தப் பக்கம் திறக்கவே திணறியது. தேதிக்காக நாம் வைத்திருந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அந்த ஆயத்த நிரல் தொகுப்பு, அத்தனை பெரிது. "நமக்கு வேண்டியது நாளும் மணியும்தான். அதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ பெரிய மூட்டை?" என்று கேட்ட மாலதி, மிகச் சிறிய லைப்ரரி ஒன்றுக்கு மாற்றினார். பக்கம் சட்டென்று திறந்தது. ஆனால் நேர மண்டலக் கணக்கு அதில் தனி இணைப்பு. வேண்டிய இடத்தில் நாம்தான் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் சோதிக்க இரண்டு நாள் கேட்டார். நான் தரவில்லை. வெள்ளிக்கிழமையே போடச் சொன்னேன்.

ஓரிடத்தில் அந்த இணைப்பு விடுபட்டிருந்தது. செய்தி அனுப்பும் சர்வர் நமக்கு எட்டு மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடியது. பினாங்கில் திங்கள் பிறக்கும்போது அங்கே இன்னும் ஞாயிறு. திங்கட்கிழமை அதிகாலையில் வரவேண்டியவர்களுக்கு ஞாயிறு வரச்சொல்லிச் செய்தி போனது. ஞாயிறு மையம் திறப்பதில்லை.

திங்கள் காலை நான்கு நாற்காலிகள் காலி என்று தாதி அழைத்தார். மாலதி ஒவ்வொருவராக அழைத்தார். விவரம் கேட்டதும் மூன்று பேர் புறப்பட்டுவிட்டார்கள். பாலத்துக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் தனியாக இருந்த பெருமாள் மட்டும் எடுக்கவில்லை. "நீங்க ஓட்டுங்கண்ணே. நான் ஃபோன் போட்டுக்கிட்டே வர்றேன்" என்றார் மாலதி. பாலத்தில் நெரிசல். கார் நகரவில்லை. மாலதி மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தார்.

பெருமாள் வாசலருகே தரையில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"நேத்துப் போனேன்மா. பூட்டியிருந்துச்சு. கண்ணு சரியில்ல, நாந்தான் தப்பா படிச்சிட்டேன்."

மாலதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க சரியாத்தான் படிச்சீங்க அங்கிள். நான்தான் தப்பா அனுப்பிட்டேன்."

பின்னால் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அவரைக் காரில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். பிழைத்துக்கொண்டார். திரும்பும் வழியில், இரண்டு நாள் கொடுத்திருக்க வேண்டும் என்று மாலதியிடம் சொன்னேன். "அத அங்க சொல்லியிருக்கலாம்ணே" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மையத்துக்கு எழுதிய விளக்கக் கடிதத்தில் தன் பெயரை மட்டும் போட்டிருந்தார். நான் படித்துப் பார்த்தேன். அப்படியே அனுப்பினேன்.

இறுதிச் சடங்குக்குப் பெருமாள் தடியூன்றி வந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட எதுக்கு தம்பி? அவங்க அப்பா அங்க உக்காந்திருக்காரு" என்றார்.

போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பத்தி மாலதி எப்பவும் நல்லாத்தான் சொல்லும் தம்பி." ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

மாலதியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை, வேலை செய்ய முடியவில்லை. அவர் அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இதை அவர் கையில் கொடுங்கள்.