நான் காட்டிய நீலத் தொப்பி

என் அலமாரியில் பழைய வீடியோ டேப் ஒன்று கிடக்கிறது. அதை ஓட்ட இப்போது என்னிடம் பெட்டி இல்லை. ஓட்டினாலும் நடுவில் ஓரிடத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். ஞாயிறுதோறும் அங்கேயே நிறுத்தி நிறுத்தி அதைத் தேய்த்தவன் நான்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் மலேசியாவில், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி; கணக்கெழுதும் வேலை. பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அந்த ஊர்க் கால்பந்தின் இறுதி ஆட்டம் ஒன்றை அவர் நேரில் போய்ப் பார்த்தாராம். கூட்டாளி ஒருவர் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த அந்த ஆட்டத்தை மகன் அப்பாவுக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம்: நீலத் தொப்பி போட்டிருந்தேன், கூட்டத்தைக் காட்டும்போது என்னையும் காட்டினார்களாம், தேடிப் பாருங்கள். அமெரிக்க டேப் நம் பெட்டியில் ஓடாது. பெரிய கிராணி கிள்ளான் பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். மாற்றியதில் நிறமெல்லாம் வெளுத்துவிட்டது.

தோட்டத்துக் குழுவில் பந்து ஆடுகிறவன் என்பதால் ஆட்டத்தை விளக்க என்னைக் கூப்பிட்டார்கள். நம் கால்பந்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலையில் கவசம் மாட்டிய முரடர்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலடி போவதற்குள் ஆளுக்கு மேல் ஆளாக விழுந்தார்கள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவன் போல விளக்கம் சொன்னேன். பெரிய கிராணியின் மனைவிக்கு ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. கண்ணில் புரை விழுந்திருந்த அந்த அம்மா திரைக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "வடிவாப் பாருங்கோ தம்பி, பிள்ளையை விட்டிடாதேங்கோ" என்பார்.

மூன்றாம் ஞாயிறும் தேடினோம். அன்று மாலை சுங்கை பெசார் குழுவோடு எங்களுக்கு ஆட்டம். வெளியே லோரி ஹாரன் அடித்தது. "டேய், வா லா, நேரமாச்சு!" என்று கத்தினார்கள். அப்போது திரையில் ஒரு நீலத் தொப்பி வந்தது. வெயிலுக்காக நெற்றியில் கை வைத்திருந்ததால் பாதி முகம் மறைந்திருந்தது. சட்டென்று நிறுத்தி, "அதோ, உங்க மகன்தாம்மா" என்றேன்.

அந்த அம்மா திரையைத் தடவிப் பார்த்தார். "மெலிஞ்சு போனான்" என்று அழுதார். நான் லோரி ஏறிப் போய் அன்று ஒரு கோலும் அடித்தேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு மகனைக் காட்ட வேண்டியதாயிற்று. ஒருமுறை அவர் தேநீர் எடுக்க உள்ளே போனபோது டேப்பை மேலும் ஓடவிட்டேன். கை இறங்கியது. நரைத்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரர். அந்த அம்மா வருவதற்குள் பின்னுக்கு ஓட்டி, கை இறங்குவதற்கு முன் நிறுத்தி வைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் அந்த அம்மா மாரடைப்பில் போய்விட்டார். தகனம் முடிந்த மறுநாள்தான் மகன் வந்து சேர்ந்தார். பெரிய கிராணி டேப்பைப் போடச் சொன்னார். "அம்மா போன ஞாயிறும் உன்னைப் பார்த்தவ" என்றார். மகன் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஓம் அப்பா, நான்தான்" என்றார்.

வெளியே தண்ணீர்த் தொட்டியருகே என்னிடம் தணிந்த குரலில் பேசினார். "லீவுக்கு வர டிக்கட் போட்டிருந்தனான். 'உன்னைக் கண்டிட்டன், எனக்கு அது போதும், படிப்பை முடிச்சிட்டு வா' எண்டு அம்மா எழுதினவ. நான் வராமல் விட்டிட்டன்." அவர் குரலில் கோபமே இல்லை. "ஆட்டத்தின்ர முடிவைப் பார்த்தனீங்களோ? தோத்துக்கொண்டிருந்தவங்கள் கடைசி நிமிசத்தில வெண்டிட்டாங்கள். அங்க இப்பவும் அதைத்தான் கதைக்கிறாங்கள்."

நாங்கள் யாருமே முடிவுவரை பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

பெரிய கிராணி ஓய்வு பெற்றுப் போகும்போது அந்த டேப்பை என் கையில் கொடுத்தார். "நீர்தானே எங்கட பிள்ளையைக் கண்டுபிடிச்சனீர். நீரே வைச்சிரும்." கூசிப்போய் வாங்கிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன மாதம் என் மகள் அந்த ஆட்டத்தைக் கைபேசியில் தேடிக் கொடுத்துவிட்டுப் போனாள். கடைசி நிமிடத்தைப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இடையில் கூட்டத்தைக் காட்டினார்கள்; அந்த நீலத் தொப்பி வந்தது; நெற்றியில் கை இருந்தது. வீட்டில் யாரும் இல்லை, ஏமாற்றுவதற்கும் ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கை இறங்குவதற்குள் என் விரல் போய் நிறுத்திவிட்டது.