பின்படிக்கு ஒரு வரி

இணையப் பக்கத்துக்கு எழுதுகிறவனுக்கு மற்ற எழுத்தாளர்களுக்கு இல்லாத ஒரு கொடுமை உண்டு: எத்தனை பேர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போனார்கள் என்பது மறுநாளே தெரிந்துவிடும். நான் மலேசியாவில், ஜொகூர் பாருவில் சோபா கடைக்கும் பல் மருத்துவருக்கும் வாசகம் எழுதிப் பிழைக்கிறவன். பக்கத்து ஊரான மாசாயில் சனிக்கிழமைதோறும் கூடும் ஒரு மனநல ஆதரவுக் குழுவுக்குத் தமிழில் பக்கம் வேண்டும் என்றார்கள். சோபாவுக்கே ஆள் வரவழைத்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன். பிறருக்காக எழுதி மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வரவேற்பு

குழுவின் தலைவர் அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். மனம் சரியில்லாமல் கிடந்த தம்பியைப் பறிகொடுத்த பிறகுதான் இந்தக் குழுவையே ஆரம்பித்தார். ஆனால் பேனாவைத் தொட்டால் அவருக்குச் சுற்றறிக்கைதான் வரும். "உளச்சோர்வுற்றோர் உரிய நேரத்தில் வருகை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தார். படித்த எனக்கே உளச்சோர்வு வந்துவிட்டது.

"தூக்கம் வரலையா? யாரோடயும் பேசப் பிடிக்கலையா? வாங்க. பேசாம உட்கார்ந்திருந்தாலும் சரிதான்" என்று மாற்றினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மூன்று தரம் படித்தார். "இருக்கட்டும் தம்பி. ஆனா இவ்வளவு சாதாரணமா கூப்பிட்டா சாதாரண ஆளுங்க வந்துடப் போறாங்க."

படிவம்

அடுத்து, பக்கத்தில் ஒரு படிவம் வைத்தே ஆக வேண்டும் என்றார். பெயர், ஐ.சி. அடையாள அட்டை எண், வேலை செய்யும் கம்பெனி, பிரச்சினை என்ன, எத்தனை நாளாக. ஒன்றையும் காலியாக விட முடியாது. நானும் ஒரு வாரம் மல்லுக்கு நின்று தோற்றேன். எங்கள் போனை எடுப்பவர் புஷ்பா அக்கா. வார நாளில் பள்ளிக்கூட ஆசிரியை, சனிக்கிழமை கூட்டத்தை நடத்துகிறவரும் அவர்தான். முதல் அழைப்பு பாசிர் கூடாங் தொழிற்சாலை ஆள் ஒருவரிடமிருந்து வந்தது. பெயர் சொல்லவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கே படிவத்தைத் தூக்கிவிட்டோம். அவர் அப்புறம் கூப்பிடவேயில்லை. அந்தக் கேள்வியை அக்கா தாளில் எழுதி வைத்திருந்தார்: "கம்பெனி பேரு எதுக்கு அக்கா? எங்க சூப்பர்வைசர் கையெழுத்தும் வேணுமா?"

வழி

வழி சொல்லும் பகுதியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. "மாமாக் கடைக்கு நேர் எதிரே, நீலப் பலகைக்குப் பக்கத்து மாடிப்படி" என்று, ஊரே டீ குடிக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடையை அடையாளமாக வைத்து எழுதி, படமும் போட்டிருந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடலாம். நிறையப் பேர் பார்த்தார்கள். ஒருவரும் படி ஏறவில்லை.

ஒருநாள், "வழி கேக்குறாங்க, நீங்களே சொல்லுங்க" என்று அக்கா என்னிடம் போனைக் கொடுத்தார். பேசியது ஒரு பெண். கணவர் ஷிப்டு வேலை. கொஞ்ச நாளாக வேலை விட்டு வந்தால் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறாராம், பிள்ளைகள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். இரண்டு சனிக்கிழமை மோட்டாரை எடுத்துக்கொண்டு மாமாக் கடை வரை வந்து, ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு, எங்கள் படியைப் பார்த்துக்கொண்டே இருந்து திரும்பிப் போயிருக்கிறார். கடை முழுக்க அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆட்கள். அந்த மேசைகள் எல்லாம் எங்கள் படியைப் பார்த்துத்தான் கிடக்கின்றன. எனக்குத் தெரியாமல் என்ன, நான் படம் எடுத்ததே அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்துதான். "நீங்க எழுதுன வழி ரொம்பத் தெளிவா இருக்கு அண்ணே. ஏறினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்லா. வேற படி இல்லையா?"

பின்படி

இருந்தது. பின்சந்தில் ஒரு இரும்புப் படி. "முன்பக்கம் வரத் தயக்கமா? பின்சந்திலும் படி இருக்கிறது" என்று அன்றே ஒரு வரி சேர்த்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கும் சொன்னேன். இந்த வாரம் போகிறேன் என்று கணவரே வாய் திறந்து சொன்னதாக, மறுநாள் அழுகையும் சிரிப்புமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

சனிக்கிழமை நானும் போயிருந்தேன். தலைவர், அக்கா, நான், காலி நாற்காலிகள், ஒரு தட்டு கரிபாப். மூன்று மணியிலிருந்து ஐந்து வரை வாசலையே பார்த்தோம். முன்வாசலை. தட்டைக் கழுவப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன், படி முடிகிற இடத்தில் கிரில் கதவு, அதில் ஒரு பெரிய பூட்டு. எப்போதோ ஏர்கோன் குழாயை யாரோ திருடிப் போனதிலிருந்து தலைவர் பூட்டியே வைத்திருக்கிறார். சோபா கையிருப்பில் இருக்கிறதா என்று கிடங்கு வரை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிற நான், இந்தக் கதவு திறக்குமா என்று ஒருவரையும் கேட்கவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வீடு சேருவதற்குள் அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டார். குரலில் கோபமே இல்லை. "ஏறிப் போயி ரொம்ப நேரம் நின்னாராம் அண்ணே. தட்டக் கூச்சமா இருந்துச்சாம். பாத்தியா, எனக்கு அங்கயும் இடமில்லன்னு சொல்லிட்டு ஹெல்மெட்டோட உட்கார்ந்துட்டாரு. இனிமே நான் அவரைக் கேக்க மாட்டேன்."

பூட்டு

மறுநாள் தலைவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பூட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புஷ்பா அக்கா அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. இன்றுவரை எடுப்பாரில்லை. தலைவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான் ஒன்னும் எழுதித் தரல தம்பி. கதவு தொறந்திருக்குன்னு மட்டும் போடுங்க."

போட்டுவிட்டேன், என் பிழைப்பிலேயே நான் எழுதிய மிகத் தெளிவான வரி அதுதான், என்ன, அதைப் படிக்க வேண்டிய ஒரே ஆள் இனி எங்கள் பக்கத்தைத் திறக்கப் போவதில்லை.