கூலி கூடிய பிறகு

உச்சிப்புளி பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நடத்திய இட்லிக் கடையை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தோம். அவள் பிளஸ் டூ படித்த அந்த வருடம் எனக்கு அதே கவலைதான்.

மாவாட்டவும் பாத்திரம் கழுவவும் ஒரு பெண் இருந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்துப்போய்ப் பிள்ளைகளோடு இங்கே வந்தவள். காலையில் எங்களோடு சாப்பிடுவாள். மிஞ்சிய இட்லியும் சாம்பாரும் அவள் தூக்குவாளியில் வீட்டுக்குப் போகும். அதை யாரும் கூலியில் சேர்த்ததில்லை. எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

அரசாங்கம் கடை வேலைக்குக் கூலியை உயர்த்தியது. தொழிலாளர் ஆய்வாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நியாயமான கூலி. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இனி நாந்தேன் முதலாளி. எனக்கு ஒரு டீ போடுங்கக்கா."

போட்டுக் கொடுத்தேன்.

என் கணவரும் புதுக் கூலியைக் கொடுத்தார். ஆனால் அவள் தூக்குவாளியை எடுத்ததும், "அதேன் கூலியக் கூட்டியாச்சுல்ல? சாப்பாட்ட இனி வீட்டுல பாத்துக்கம்மா" என்றார்.

"பிள்ளைக வாளியப் பாத்துக்கிட்டு நிக்குமேண்ணே."

"நான் என்னத்தச் செய்ய? அரிசியும் ஏறிக் கெடக்கு."

இட்லிக்கு ஐம்பது காசு கூட்டினோம். புதுமடத்திலிருந்து மீன் விற்க வரும் பெண்கள், "ஏத்தா, இட்லிய வெள்ளிச் சட்டியிலயா அவிக்கிற?" என்று கேட்டுவிட்டு வெறும் டீயோடு எழுந்தார்கள். நாலு தின்ற டிரைவர்கள் இரண்டோடு கை கழுவினார்கள். தினமும் மாவு மிஞ்சிப் புளித்தது. கடைசியில் அவளை வேலையை விட்டு நிறுத்தினோம்.

சில வாரம் கழித்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் அவளே அடுப்பு மூட்டினாள். பழைய விலைக்கே இட்லி. அவளால் முடிந்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி மாவாட்ட வைத்திருந்தாள். பெற்ற பிள்ளைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

எங்களிடம் வந்தவர்கள் அங்கே போனார்கள்.

"கோவிச்சுக்கிறாதீகக்கா. வேற பொழப்புத் தெரியல" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"நாமளும் விலைய எறக்கணும்" என்றார் கணவர். இறக்குவதற்கு இருந்த வழி எனக்கும் தெரிந்திருந்தது. மகளுக்குப் பரீட்சை முடிவு வந்தது, நல்ல மார்க். கல்லூரி விண்ணப்பம் மட்டும் வாங்கவில்லை.

"ஒரு வருசம் போகட்டும் தாயி" என்றார் மகளிடம்.

"எனக்கு எம்புட்டுக் கூலி அய்யா?"

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்தபின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. விடியுமுன்னே மகள் கிரைண்டரைப் போடுகிறாள். எதிர்க்கடையில் அந்த எட்டாவது படித்த பிள்ளையும் அதே நேரத்துக்கு மாவாட்ட உட்காருகிறாள். இருவரும் தலை நிமிர்ந்து பார்த்துக்கொள்வதில்லை.

இரண்டு கடையிலும் இட்லி பழைய விலைதான்.