ஒரு சுற்றுக்கு நாலு மினுக்கு

என்ன வேலை என்று மாமியார் கேட்டால், "சுத்துறத எண்ணுற வேலை" என்று சொல்லிவிடுவேன். உண்மையும் அதுதான். சுழலும் தண்டின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, அதன்மேல் ஒளியை அடித்து, திரும்பி வருவதை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். எண்ணுகிற சென்சாரை அரிசி மணி அளவுக்குச் சுருக்குவதுதான் எங்கள் பாடு. பல் டாக்டர் கையில் பிடிக்கும் கருவிக்குள் அது உட்கார வேண்டும்.

நான் வரைவேன், நெல்லித்தோப்பிலிருந்து வேலைக்கு வரும் அக்காதான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஈயத்தை உருக்கி சால்டர் வைப்பார். முடியைவிட மெல்லிய கம்பியை அவர் ஒட்டும்போது பக்கத்தில் மூச்சுவிடவே எனக்குப் பயமாக இருக்கும். ஐம்பதைத் தாண்டியும் அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுத்தராதவர். அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆயுத பூஜை முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை, சோதனை மோட்டாரின் வேகம் நாலு மடங்கு காட்டியது. அக்கா ஒட்டிய வேறு சென்சார் வைத்தேன், அதே கதை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"சால்டர்லதான் கோளாறுக்கா. உங்க கண்ணுக்கு இனிமே இது முடியாது போலருக்கு."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து பேக்கிங் மேஜைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். மோட்டாரை நிறுத்தி, தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பினார். சென்சாருக்கு ஒளி திரும்பும்போதெல்லாம் மினுக்கும் சின்ன விளக்கைப் பார்த்து வாய்விட்டு எண்ணினார்.

"ஒரு சுத்துக்கு நாலு தடவ மினுக்குது சார். கோடு ஒண்ணுதான? மத்த மூணும் சந்தனப் பொட்டு. யாரு வெச்சது?"

நான்தான். பூஜையன்று தட்டை என் கையில் கொடுத்தார்கள்; கண்ணில் பட்ட மெஷினுக்கெல்லாம் பயபக்தியோடு வைத்தேன். கறுப்புத் தண்டில் காய்ந்த சந்தனமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று தோன்றவேயில்லை. நாலு மடங்கு, நாலு மடங்கு என்று அது கத்திச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை.

ஈரத்துணியால் துடைத்தேன். வேகம் சரியாக வந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். வெட்கமாக இருந்தது.

"விடுங்க சார், நல்லதுக்குத்தான வெச்சீங்க" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "மூணு நாளா ஒரு கண்ண மூடிக்கினு, இன்னொரு கண்ணால காலண்டர் படிச்சிப் படிச்சிப் பாத்தேன். எல்லா எழுத்தும் தெரிஞ்சிது. அப்பவும் நீங்க சொன்னதத்தான் நம்புனேன்."