சக்கரத்தின் முதுகில் ஒட்டிய ஈயம்

ஜோசப்பின் டீச்சர் ஒரு மரச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கியபோது, அதிபர் றொனால்ட் சேர் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கார்னிவல் நடத்தப் போறீங்களா?"

"வெள்ளிக்கிழமையில பாதி வகுப்பு வர்றதில்ல சேர். இது தொங்கினா வருவாங்க."

"படிப்புன்னா வரமாட்டாங்க, சூதுன்னா வருவாங்களாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். டீச்சர் சக்கரத்தை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு பழக்கம். வாயால் வாதாடமாட்டார், நினைத்ததைச் செய்து காட்டிவிடுவார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் திம்புள்ளப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் பிறந்த பெண் படித்து ஆசிரியையாகி, வேறொரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

சக்கரத்தைச் செய்தவர் அவருடைய கணவர் சிறில். ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவர். பழைய அலுமாரியின் முதுகுப் பலகையை வட்டமாக அறுத்து, நடுவில் சுழல்வதற்கு ஒரு பெயரிங்கைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி ஆணி அடித்துக் கொடுத்திருந்தார். சுற்றிவிட்டால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் துண்டு ஆணிகளில் உரசி டக்டக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வாரம் முழுவதும் வந்த பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஒரு சுற்று. பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கணக்கு விளங்கப்படுத்தினால் இன்னொரு சுற்று. பென்சில், அழிறப்பர், மணி அடிக்கும் உரிமை என்று சின்னச் சின்னதாகக் கட்டங்கள். 'ஏழாம் வாய்ப்பாடு' என்றொரு கட்டமும் இருந்தது. அது விழுந்தால் எழுந்து நின்று முழுவதையும் ஒப்பிக்க வேண்டும், வகுப்பே கொல்லென்று சிரிக்கும். 'பெரட்டு' விழுந்தால் திங்கட்கிழமை காலையில் டீச்சருக்குப் பதிலாக அந்தப் பிள்ளைதான் பெயர் கூப்பிட வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற கணக்கப்பிள்ளையைப் போலவே வினோஜன் என்ற பையன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதட்டியதை நினைத்தால் டீச்சருக்கு இப்போதும் சிரிப்பு வரும். எல்லாவற்றிலும் ஒடுங்கிய கட்டம் ஒன்று உண்டு. அதில் விழுந்தால் பெரிய பெஸ்டல் வர்ணப் பெட்டி. அது இன்னும் யாருக்கும் விழவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு நிறைந்தது. றொனால்ட் சேரும் வாயை மூடிக்கொண்டார்.

பிரியந்தி மட்டும் சுற்றவில்லை.

ஒரு நாள் தவறாமல் வருகிற பிள்ளை அவள். வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்ததே கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை அவள் பெயரைக் கூப்பிட்டால், "வேணாம் டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கெஞ்சினாலும் அதே பதில்தான். சில வாரம் தன்னுடைய சுற்றைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள்.

டீச்சருக்கு இது மனதை அறுத்தது. பிரியந்தியின் அம்மா ஜீவராணி நெஞ்சு வருத்தத்தால் மாதக்கணக்கில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகவில்லை என்பதும், இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்பாவும் அங்கேதான் துணைக்கு நிற்கிறார். பிள்ளை அடுத்த லயத்தில் மீனம்மா அத்தை வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிறது. வீட்டில் விழுந்த இருட்டில் பிள்ளைக்கு ஆசைப்படவே பயம் வந்துவிட்டது, ஒருமுறை கை நிறைய ஏதாவது கிடைத்தால் முகம் தெளிந்துவிடும் என்று டீச்சர் நினைத்தார். பாடப்புத்தக ஓரங்களில் எல்லாம் பென்சிலால் பூப்போடுகிற பிள்ளைக்கு அந்தப் பெஸ்டல் பெட்டியைவிடப் பொருத்தமான பரிசு வேறென்ன இருக்கிறது?

வாகனச் சில்லு ஆடாமல் ஓடுவதற்காக டயர் கடையில் விளிம்பில் ஒட்டுகிற ஈயக்கட்டிகள் சிறிலின் ஆட்டோவில் எப்போதும் சில உருண்டுகொண்டு கிடக்கும். டீச்சர் அவற்றில் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை இன்டர்வெல் நேரத்தில், பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருக்கும்போது, சக்கரத்தின் பின்பக்கத்தில் பெஸ்டல் பெட்டிக் கட்டத்துக்கு நேர் எதிரே அதை ஒட்டினார். கனமான பக்கம் கீழே போய் நிற்கும், பெஸ்டல் பெட்டி மேலே வரும். நல்ல காரியம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நல்ல காரியம் என்றால் அதை ஏன் ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"பிரியந்தி, இன்னைக்கு நீதான் மொதல்ல. வேணாம்னு சொன்னா டீச்சருக்குக் கோவம் வரும்."

பெரியவர்கள் சொன்னால் தட்டாத பிள்ளை. எழுந்து வந்தாள். விரல் நுனியால் தொட்டு இழுத்துவிட்டாள். சக்கரம் சுற்றியது, தளர்ந்தது, கொஞ்சம் பின்னால் ஆடியது, பெஸ்டல் பெட்டியில் நின்றது. வகுப்பு கூரை பறக்கக் கத்தியது. அந்தப் பெட்டிக்காகவே ஒரு மாதம் பள்ளிக்கூடத்தைத் தவறவிடாமல் வந்த வினோஜன்கூட மேசை மேல் ஏறிக் கைதட்டினான்.

பிரியந்தியின் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பெட்டியை வாங்கினாள், திரும்ப டீச்சரின் மேசையிலேயே வைத்தாள், தன் இடத்துக்குப் போய்த் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டீச்சர் அன்றைய சுற்றை அதோடு நிறுத்திவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போன பிறகும் அவள் எழும்பவில்லை. டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னம்மா செய்யுது?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அம்மாக்குச் செவ்வாக்கெழம ஆப்பரேசன் டீச்சர். டொக்டர் கையில ஒண்ணும் இல்ல, அதிர்ஷ்டம் இருந்தா பொழைச்சுக்குவாங்கன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் இருக்குன்னு தெரியாது. அதான் சுத்தாம சேத்து வச்சேன். பென்சிலுக்குக்கூட செலவழிக்கல." அதற்கு மேல் குரல் உடைந்துவிட்டது. "இன்னைக்குப் பெரிய பரிசே விழுந்திருச்சு. எல்லாம் முடிஞ்சிருச்சு டீச்சர்."

அதிர்ஷ்டம் அப்படியெல்லாம் தீர்ந்துபோகிற சாமான் இல்லை என்றார் டீச்சர். மாதாவிடம் மன்றாடுவோம் என்றார். பிரியந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று லயத்தில் ஆளாளுக்குச் சொல்லும்போது ஆட்டுகிறாளே, அதே தலையாட்டல். வேறு வழியில்லாமல் டீச்சர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி ஈயக்கட்டியைக் காட்டினார்.

"இது ஒன்னோட அதிர்ஷ்டம் இல்ல சாமி. நான் வச்ச பாரம். யார் சுத்தினாலும் அங்கதான் வந்து நின்னிருக்கும்."

பிரியந்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அழுறேன்னு சும்மா சொல்றீங்க. சக்கரத்துல எப்பவும் இது இருந்திருக்கும். எல்லாரும் எனக்குச் சும்மாதான் சொல்றாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை நம்ப வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்த ஆயிரம் பொய் சொல்லலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் தன்னைத் தானே கேவலப்படுத்திக்கொள்கிற பொய்யை யாரும் சொல்லமாட்டார்கள் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். செய்ய வேண்டியது தெரிந்தும் நெஞ்சு துணியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளிடம் போய் 'கள்ளப் பாரம் வைத்தேன்' என்று சொல்வதா? டீச்சருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோவைக் கழித்துவிட்டு நிறுப்பவன் எழுதியதைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் குடிக்கிற அம்மாவைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர் அவர். நிறுவையில் கைவைப்பவன் மனிதனே இல்லை என்று அந்த வயதில் எத்தனை தரம் பல்லைக் கடித்திருப்பார்! இப்போது தன்னையே அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் சக்கரத்தை வகுப்புக்கு முதுகு காட்டித் தொங்கவிட்டார். ஈயக்கட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"வெள்ளிக்கெழம நான் ஒரு பிழை செஞ்சேன். பெஸ்டல் பெட்டி பிரியந்திக்குத்தான் விழணும்னு, இன்டர்வெல்ல யாருக்கும் தெரியாம இத ஒட்டினேன். அவளுக்கும் தெரியாது. அவளா சுத்தி அது விழல. நானா விழ வச்சேன்."

வினோஜன் எழும்பினான்.

"கொழுந்து நிறுக்கிறப்போ தராசுல கைய வைப்பாங்களே, அதுமாதிரியா டீச்சர்?"

"அதேதான்."

"நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் டீச்சரைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. டீச்சர் காரணம் சொல்லவில்லை. சொன்னால் பிரியந்தியின் வீட்டுக் கதையை வகுப்பின் நடுவில் விரித்துப்போட வேண்டியிருக்கும்.

பிரியந்தி மட்டும் தலைநிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் மேசைக்கு ஓடி வந்தாள்.

"அப்ப என்னோடது அப்படியே இருக்கா டீச்சர்?"

"அப்படியே இருக்கு. பொட்டுக்கூடக் குறையல."

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவள் ஓடிப்போனதை டீச்சர் வராந்தாவில் நின்று பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் கதை லயமெல்லாம் பரவிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள், எப்போதும் "டீச்சர் வாறீங்களா" என்று கேட்கிறவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். "அங்கயும் கள்ள நிறுவதானா?" என்று ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள். றொனால்ட் சேர் கூப்பிட்டுச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். என்னதான் நடந்தது என்று இரண்டு முறை கேட்டார். "செஞ்சது நான்தான் சேர்" என்பதற்கு மேல் டீச்சர் எதுவும் சொல்லவில்லை.

ஜீவராணி பிழைக்கவில்லை. ஆப்பரேசன் முடிந்தும் நினைவு திரும்பாமலே வியாழக்கிழமை காலையில் உயிர் போய்விட்டது. மழை ஊற்றிக்கொண்டிருக்க, தேயிலைக்கு நடுவே இருக்கும் மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டீச்சர் பெண்களோடு லயத்து வாசலில் நின்றார். அவரோடு யாரும் பேசவில்லை. மீனம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற பிரியந்தி அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்துதான் அவள் பள்ளிக்கூடம் வந்தாள். இன்டர்வெல்லுக்கு மற்றப் பிள்ளைகள் ஓடிய பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னோடது பத்தல டீச்சர்."

டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "ஒன்னோடதால இல்ல சாமி. அம்மாக்கு நெஞ்சு ரொம்பப் பழுதாகிருந்துச்சு. யாரோட அதிர்ஷ்டத்தாலயும் ஆகிற காரியமில்ல அது."

பிரியந்தி அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு.

"ஆனா நா செலவழிக்கலதானே? நீங்கதானே பாரம் வச்சீங்க?"

"நான்தான் வச்சேன். நீ செலவழிக்கல."

டீச்சர் இழுப்பறையைத் திறந்து ஈயக்கட்டியை எடுத்துக் கொடுத்தார். பிரியந்தி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவள் வெளியே போனதும் டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். திங்கட்கிழமை மானம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தால், ஒரு பெஸ்டல் பெட்டிக்காக அம்மாவைக் கொன்றுவிட்டோம் என்று அந்தப் பிள்ளை சாகும்வரை சுமந்திருக்கும்.

அடுத்த பள்ளித் தவணையில் சக்கரம் திரும்பவும் ஏறியது. பிள்ளைகளே அதிபரிடம் போய்க் கேட்டார்கள். ஆனால் வினோஜன் ஒரு சட்டம் போட்டிருக்கிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலில் சக்கரத்தைத் திருப்பி, அதன் முதுகை அவன் தடவிப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் சுற்றலாம். டீச்சர் ஒதுங்கி நின்று அதற்கு இடம் கொடுக்கிறார். பெஸ்டல் பெட்டி யாருக்கும் பரிசில்லாமல் பொதுவாக ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. அதிலிருந்து அதிகமாக எடுப்பது பிரியந்திதான்.

அவளும் இப்போது சுற்றுகிறாள். போன வாரம் ஏழாம் வாய்ப்பாடு விழுந்தது. எழுந்து நின்று தடுமாறாமல் ஒப்பித்தாள், வகுப்பு சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின், வாரத்தில் ஒருநாளாவது வருகிற மாதிரி, மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், அன்னைக்கு நெசமா நீங்கதானே வச்சீங்க?"

"நான்தான் சாமி" என்று சொல்லிவிட்டு ஜோசப்பின் டீச்சர் ஈயக்கட்டி கிடக்கும் இழுப்பறையைத் திறந்தார்.